பூசிய வேப்பெண்ணெயும் பூசி மெழுகும் அரசும்

2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விவசாயிகள் யூரியா மூட்டைக்காக விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள். நின்று களைத்தவர்கள் தங்கள் இடத்தில் செருப்பை வைத்துவிட்டு நிழல் தேடி உட்கார்ந்தார்கள். அந்த ஆகஸ்ட் முதல் நாளன்று நாட்டின் யூரியா கையிருப்பு ஏறத்தாழ 37 லட்சம் டன். அதற்கு முந்தைய ஆண்டு அதே நாளில் அது 86 லட்சம் டன்னாக இருந்தது. மழை நன்றாகப் பெய்யும் என்பது முன்கூட்டியே தெரியும். சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருப்பதும் தெரியும். கிடங்கை நிரப்பி வைக்க வேண்டிய ஒன்றிய அரசோ, விவசாயிகள் தேவைக்கு மேல் யூரியா இடுகிறார்கள், மண்ணைக் கெடுக்கிறார்கள், மாற்று உரங்களுக்கு மாற மறுக்கிறார்கள் என்று பழைய பல்லவியையே பாடியது.

இந்தப் பல்லவிக்குப் பின்னே ஓர் அறிவியல் நிற்கிறது. அது பொய்யான அறிவியல் அன்று. அதனால்தான் அதைக் கையாளுவோரை எதிர்கொள்வது எளிதாக இல்லை. யூரியாவின் மேல் வேப்பெண்ணெய் பூசினால் தழைச்சத்து வீணாவது குறையும் என்பது மெய். எவ்வளவு குறையும், எந்த மண்ணில் குறையும், எந்த நீர்ப் பாசனத்தில் குறையும் என்ற கேள்விகளை விழுங்கிவிட்டு, பூசியாயிற்று, இனி குறை விவசாயியுடையதே என்று தீர்ப்பு எழுதுவதுதான் பொய்.

வெதுருகுப்பத்தின் வயலில் நின்று இதைப் பார்க்கலாம். தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில், 'குப்பம்' தமிழ். வட ஆர்க்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் இப்படி மாறி மாறி வரையப்பட்டாலும் கோட்டின் இருபுறத்து மண்ணும் ஒன்றே. பெரும்பாலும் மணல் கலந்த செம்மண், மட்கு குறைவு, நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் வலு குறைவு. மேட்டு நிலத்தில் மானாவாரி நிலக்கடலை, அதன் பக்கத்தில் மாந்தோப்பு, ஆழ்துளைக் கிணறு இருக்கும் இடத்தில் நெல்லும் கரும்பும். சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்ட பிறகு கரும்பின் கதையும் சுருங்கிவிட்டது. இந்த நான்கு பயிருக்கும் ஒரே யூரியா, ஒரே பூச்சு, டெல்லியிலிருந்து வரும் ஒரே அறிவுரை.

மண்ணுக்குள் நடப்பது என்ன? யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். ஈர மண்ணில் விழுந்த யூரியாவை யூரியேஸ் என்ற நொதி சில நாட்களுக்குள் உடைத்து அம்மோனியமாக்குகிறது. உரம் மண்ணின் மேற்பரப்பிலேயே கிடந்தால், வெயிலும் காற்றும் இருந்தால், மண் காரத்தன்மை உடையதாக இருந்தால், இந்தக் கட்டத்திலேயே ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். இது முதல் கசிவு.

எஞ்சிய அம்மோனியத்தை நைட்ரசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் முதலியவை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியம் நேர்மின் ஏற்றம் உடையது, களித்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஒரு கனமழை, அல்லது வாய்க்கால் நிறையப் பாய்ச்சிய ஒரு தண்ணீர் போதும், வேரைத் தாண்டி இறங்கிவிடும். இது இரண்டாவது கசிவு. நெல் வயலில் மூன்றாவது ஒன்றும் உண்டு. நீர் நின்ற வயலின் மேல் ஏட்டில் உருவான நைட்ரேட் காற்றில்லாத அடியடுக்குக்குப் போகும்போது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாகவும் ஓரளவு நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றி வெளியே விடுகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. இந்திய நெல் வயலில் இடப்படும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடுதான்.

நிலைப்படுத்திகள் என்று அழைக்கப்படும் பொருள்கள் இந்தக் கசிவுகளில் ஏதேனும் ஒன்றை அடைக்க வந்தவை. யூரியேஸ் நொதியை மந்தப்படுத்துவது ஒருவகை. நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை மந்தப்படுத்துவது இன்னொரு வகை. வேப்பெண்ணெய் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வேம்பில் உள்ள மீலியாசின்கள் என்ற கசப்புச் சேர்மங்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களைச் சில வாரங்கள் அடக்கி வைக்கின்றன. அதாவது இரண்டாவது, மூன்றாவது கசிவுகளை அது குறைக்கும். முதல் கசிவை அடைக்காது. அது மட்டுமன்று: அம்மோனியம் மண்ணின் மேலேயே நெடுநேரம் தங்கினால் அம்மோனியாவாகப் பறப்பது கூடவும் செய்யும். நைட்ரேட்டாக்கத் தடுப்பான்கள் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகும் வாளி இது.

இதை வெதுருகுப்பத்துக்குப் பொருத்திப் பார்க்கவேண்டும். நீர் நின்ற நெல் வயலில் பூச்சுக்கு வேலை உண்டு. கரும்புக்கு மேலுரமாக யூரியாவைத் தூவிவிட்டு, மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்து மறுநாள் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிக்கு நேரும் இழப்பு பெரிதும் முதல் வகை. அவருக்கு வேண்டியது உரம் இட்டவுடன் வரும் மின்சாரம்; பூச்சு அவருக்கு அதிகம் உதவாது. மானாவாரி நிலக்கடலையோ தன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு காற்றிலிருந்தே தழைச்சத்தை ஈட்டிக்கொள்ளும் பயிர். அதற்குத் தேவை ஜிப்சமும் மணிச்சத்தும் நேரத்து மழையும். கோடையில் 40 பாகை தாண்டும் இந்தச் சீமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணின் வெப்பம் ஏற ஏறப் பெரும்பாலான தடுப்பான்கள் விரைவாகச் சிதைகின்றன. குளிர்நாட்டு வயலில் மாதக்கணக்கில் நின்று வேலை செய்யும் பொருள் இங்கே சில வாரங்களில் ஓய்ந்துவிடும்.

வேம்பின் இந்தக் குணத்தை மோடி கண்டுபிடிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் விவசாயிகள் யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கைப் பொடித்துக் கலந்து ஓரிரவு வைத்திருந்து நெல்லுக்கு இட்டு வந்தார்கள். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1971லேயே இதைச் சோதித்துக் கட்டுரையாக்கினார்கள். மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு அது. யாரும் காப்புரிமை கட்டி வைக்காத அறிவு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு என்ற கலவையை நெல்லுக்குப் பரிந்துரைத்தது. பூசிய யூரியா உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இடம்பெற்றது 2004இல். உற்பத்தி வரம்பு 2008இல் 20 விழுக்காடு, 2011இல் 35 விழுக்காடு. 2015 ஜனவரியில் 75 விழுக்காடு கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் 100 விழுக்காடு. ஆக, நாற்பது ஆண்டுக் கால பொது ஆராய்ச்சியின் கடைசிக் கோப்பில் கையெழுத்திட்டவர் அதன் தகப்பனார் ஆகிவிட்டார்.

கையெழுத்தில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. விதிப்படி யூரியாவின் எடையில் குறைந்தது 0.035 விழுக்காடு வேப்பெண்ணெய் இருக்கவேண்டும். 45 கிலோ மூட்டைக்கு அது ஏறத்தாழ 16 கிராம். ஒரு குழம்புக் கரண்டிகூட நிறையாது. விவசாயி ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்த புண்ணாக்கு அதே மூட்டைக்கு ஒன்பது கிலோ. புண்ணாக்கையும் எண்ணெயையும் கிராமுக்குக் கிராம் ஒப்பிடுவது சரியான அறிவியல் ஆகாது. செறிவு வேறு, புண்ணாக்கு தானும் ஓர் உரம். ஆனால் மூட்டையின் தரச்சோதனை அளப்பது எண்ணெயின் எடையை. வெதுருகுப்பத்து மண்ணில் அது எத்தனை நாள் நின்று வேலை செய்கிறது என்பதை எந்தச் சோதனையும் அளப்பதில்லை.

அப்படியானால் விளைச்சல் கூடியதாக அரசு எதை வைத்துச் சொல்கிறது? பெங்களூரில் உள்ள சமூக, பொருளாதார மாற்றத்துக்கான நிறுவனம் 2017இல் அளித்த அறிக்கையை வைத்து. நெல்லில் 5.79 விழுக்காடு, கரும்பில் 17.5 விழுக்காடு, துவரையில் 16.88 விழுக்காடு விளைச்சல் கூடியது என்று அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். நெல்லின் கணக்கை நம்பலாம். துவரைக் கணக்கைப் படிக்கும் எந்த விவசாயியும் சிரித்துவிடுவார். துவரை நிலக்கடலையைப் போலவே வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் பயிர். மிகச் சிறிதளவு தழைச்சத்தே அதற்குப் பரிந்துரை. யூரியாவை ஏறத்தாழக் கேட்காத பயிரில் யூரியாவின் மேல் பூசிய 16 கிராம் எண்ணெய், யூரியாவை உண்டு வளரும் நெல்லைவிட மூன்று மடங்கு பலன் தந்தது என்றால், அங்கே வேலை செய்தது மழையா, விதையா, வேறெதுவா என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி எழவே இல்லை.

கள்ளச்சந்தை கதையும் இப்படித்தான். மானிய யூரியா ஒட்டுப்பலகைப் பசைக்கும் பிற ஆலைகளுக்கும் போவதை வேப்பெண்ணெய் ஒழித்துவிட்டது என்று பிரதமர் மேடைதோறும் பேசினார். நூறு விழுக்காடு பூச்சு வந்து எட்டாண்டு கழித்து, 2023 மே மாதத்தில், உரத்துறையின் பறக்கும் படைகள் பல மாநிலங்களில் சோதனை நடத்தி, திருப்பிவிடப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட 70,000 யூரியா மூட்டைகளைக் கைப்பற்றியதாக அரசே அறிவித்தது. வேப்பெண்ணெய்க்குக் காவல்துறை வேலை தெரியவில்லை போலும்.

10 விழுக்காடு யூரியா மிச்சமாகும் என்றார்கள். 2017 நவம்பரில் 'மனதின் குரல்' உரையில், 2022க்குள் யூரியாவைப் பாதியாகக் குறைக்க உறுதி எடுக்குமாறு பிரதமர் விவசாயிகளைக் கேட்டார். 2018 மார்ச்சில் 50 கிலோ மூட்டை 45 கிலோ ஆக்கப்பட்டது. விவசாயி மூட்டையை எண்ணித்தான் போடுகிறார், எடையைப் பார்ப்பதில்லை, எனவே மூட்டையைச் சிறிதாக்கினால் பயன்பாடு குறையும் என்பதே அதன் தத்துவம். விவசாயியின் அறிவைப் பற்றி ஆட்சியாளர்கள் கொண்டுள்ள மதிப்பீட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2014-15இல் ஏறத்தாழ 306 லட்சம் டன்னாக இருந்த யூரியா விற்பனை 2024-25இல் 388 லட்சம் டன் ஆயிற்று.

ஏன் குறையவில்லை? விடை மண்ணில் இல்லை, விலைப் பட்டியலில் இருக்கிறது. 2010 ஏப்ரலில் மன்மோகன் சிங் அரசு ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் என்ற பெயரில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. யூரியா மட்டும் பழைய முறையில் நின்றது. அதுவரை 467 ரூபாய் 50 காசு விலையில் கிடைத்த டிஏபி மூட்டை இன்று 1,350 ரூபாய். 222 ரூபாய் 75 காசுக்குக் கிடைத்த பொட்டாஷ் மூட்டை 2022இல் 1,700 ரூபாயைத் தொட்டது. யூரியா வரியும் பூச்சுக் கூலியும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருக்கும் குறு விவசாயி எதை வாங்குவார்? தழை, மணி, சாம்பல்சத்துப் பயன்பாட்டு விகிதம் 2009-10இல் 4.3:2:1 ஆக இருந்தது. 2022-23இல் 11.8:4.6:1. பொட்டாஷ் குறைந்த பயிர் தழைச்சத்தை முழுமையாகப் பயன்படுத்த இயலாது, எஞ்சியது கசியும். ஒரு கையால் சாம்பல்சத்தை எட்டாத உயரத்தில் தூக்கி வைத்து மண்ணின் சமநிலையைக் குலைத்துவிட்டு, மறுகையால் 16 கிராம் எண்ணெய் பூசி அதைச் சரிசெய்கிறார்களாம். காங்கிரஸ் தொடங்கியது, பாஜக தொடர்ந்தது. இந்த ஒற்றுமையைப் பற்றி இரு கட்சிகளின் தொலைக்காட்சி விவாதக்காரர்களும் பேசமாட்டார்கள்.

பூச்சு அரசியலின் அடுத்த வடிவம் கந்தகம். 2023 ஜூன் 28இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஜூலையில் ராஜஸ்தானின் சீகரில் 'யூரியா கோல்டு' என்ற பெயரில் பிரதமர் அறிமுகம் செய்தார். கந்தகம் பூசிய யூரியாவும் புதிதன்று. 1960களில் அமெரிக்க அரசின் பொதுத்துறை அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் உருவாக்கியது அது. மெதுவாகக் கரையும், கந்தகமும் தரும், நல்ல பொருள்தான். ஆனால் விலையைப் பார்க்கவேண்டும். மூட்டை 40 கிலோ. நைட்ரஜன் 37 விழுக்காடு. விலை அதே 266 ரூபாய் 50 காசு. பழைய மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருந்தது. தங்க மூட்டையில் 14.8 கிலோ. ஒரு கிலோ தழைச்சத்தின் விலை 12 ரூபாய் 87 காசிலிருந்து 18 ரூபாய் ஆகிறது. விலையை உயர்த்தவில்லை என்று சொல்லிக்கொண்டே 40 விழுக்காடு உயர்த்துவது எப்படி என்பதற்கு இது பாடம். இதற்கு ஈடாக 6.8 கிலோ கந்தகம் கிடைக்கிறதே என்பார்கள். நிலக்கடலைக்குப் பூ இறங்கும் பருவத்தில் ஜிப்சம் இடும் விவசாயிக்குக் கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் அதிலேயே வந்துவிடுகின்றன. அவர் தலையில் எதற்கு இன்னொரு கந்தகம்?

அதே ஜூன் 28இல் 'பிஎம் பிரணாம்' திட்டமும் ஒப்புதல் பெற்றது. ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதி தரப்படும். மற்ற பாதி டெல்லியின் பெட்டிக்கு. பயிருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து மானியத்தைத் திட்டமிடுவதற்கு மாறாக, மானியத்தை எவ்வளவு வெட்டலாம் என்று பார்த்துப் பயிரைத் திட்டமிடும் தலைகீழ் ஏற்பாடு இது. உர மானியம் 2022-23இல் ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய். 2023-24இல் 1.9 லட்சம் கோடிக்கும் கீழே இறங்கியது. உலகச் சந்தை விலை இறங்கியது ஒரு காரணம். இறங்கிய விலையில் வாங்கிக் கிடங்கை நிரப்பி வைத்திருந்தால் 2025இல் செருப்பு வரிசை நின்றிருக்காது.

நானோ யூரியாவைப் பற்றி இங்கே நீட்டவேண்டியதில்லை; அது நிலைப்படுத்தியே அன்று. ஆனால் உரக்கடையில் விவசாயி கேட்கும் வாதம் ஒன்றே. 2021இல் வந்த அரை லிட்டர் புட்டியில் தழைச்சத்து 4 விழுக்காடு, அதாவது 20 கிராம். அது 20.7 கிலோ தழைச்சத்து உள்ள ஒரு மூட்டைக்குச் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை நானோ என்ற சொல் விழுங்கிவிட்டது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு வயல் ஆய்வில், பரிந்துரைத்த தழைச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து நானோ தெளித்த வயலில் கோதுமை 21.6 விழுக்காடும் நெல் 13 விழுக்காடும் குறைந்தன. அந்தப் புட்டியை யூரியா மூட்டையோடு கட்டாயமாகத் தலையில் கட்டுகிறார்கள் என்ற புகார் நாடு முழுவதும் எழுந்தது. 2025 ஜூலையில் ஒன்றிய வேளாண் அமைச்சரே அதை நிறுத்தும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. குத்தகை விவசாயியின் நிலை இதிலும் மோசம். ஆந்திரத்தில் 2019 சட்டப்படி சாகுபடியாளர் அட்டை பெற நில உடைமையாளரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து கிடைக்காதவருக்கு வங்கிக் கடன் இல்லை. கடனுக்கு உரம் தருகிற கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே அவருக்கு உரம். எந்தப் பூச்சு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே கிடையாது.

உலக அரங்கில் இந்தப் பொருள்களின் உடைமை யார் கையில் என்பதையும் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது. நைட்ராபைரின் என்ற தடுப்பானைச் சந்தைக்குக் கொண்டுவந்தது டவ் கெமிக்கல். யூரியேஸ் தடுப்பான்களில் பெயர்பெற்ற 'அக்ரோடெய்ன்' 2011இல் கோச் குழுமத்தின் கைக்குப் போயிற்று. பருவநிலை மாற்றத்தை மறுக்கும் பரப்புரைக்கு அமெரிக்காவில் நிதி அளித்துப் பேரெடுத்த அதே கோச் சகோதரர்கள்தான். ஜெர்மனியில் 2020 பிப்ரவரி முதல் யூரியேஸ் தடுப்பான் சேர்க்காத யூரியாவை நான்கு மணி நேரத்துக்குள் மண்ணில் புதைத்துவிட வேண்டும். அந்த விதியில் ஒரு நேர்மை இருக்கிறது. பொருளை வாங்கு, அல்லது மண்ணில் புதை. இரண்டும் அம்மோனியா இழப்பைக் குறைக்கும் என்று அது ஒப்புக்கொள்கிறது. நியூசிலாந்தின் அனுபவம் வேறு. மேய்ச்சல் நிலத்தில் இட்ட டைசயன்டைஅமைடு என்ற தடுப்பானின் சுவடு பாலில் காணப்பட்டதும், 2013 ஜனவரியில் இரண்டு உர நிறுவனங்களும் அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டன. பால் பேரளவில் விற்பனையாகும் சித்தூர் மாவட்டத்தில் நாளை எந்தத் தடுப்பான் வந்தாலும், மாட்டுக்குத் தீவனமாகும் புல்லிலும் வைக்கோலிலும் அதன் எச்சம் என்ன என்று கேட்க இந்த ஒரு முன்னுதாரணம் போதும்.

இனி இடதுசாரி அணிக்குள்ளேயே பேசவேண்டிய ஒன்று. இந்த மோசடிகளைக் கண்டு சலித்தவர்களில் சிலர், பூச்சு முழுவதும் ஏமாற்று, யூரியா முழுவதும் நஞ்சு என்ற எல்லைக்குப் போய்விடுகிறார்கள். 2019 நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் புகழ்ந்த செலவில்லா விவசாயத்தின் மேடைக்கே இது அவர்களைக் கொண்டு சேர்க்கிறது. செலவில்லாதது விவசாயிக்கு அன்று, அரசுக்கு. இலங்கையில் 2021இல் கோத்தபய ராஜபக்ச ஒரே ஆணையில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது, நெல்லும் தேயிலையும் வீழ்ந்த கதையை அங்குள்ள தமிழ் விவசாயிகளும் மலையகத் தொழிலாளர்களும் மறக்கமாட்டார்கள். நவம்பருக்குள் தடையைத் திரும்பப் பெறவேண்டி வந்தது.

மறுபக்கம், இன்னும் மூட்டை கொடு என்பதோடு நின்றுவிடும் கோரிக்கையும் போதாது. 2024இல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டின் 440 மாவட்டங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய இடங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் 37 விழுக்காடு வரம்பைத் தாண்டின. சாக்கடையும் மாட்டுக் கழிவும் இதில் பங்குடையவை, யூரியாவும் பங்குடையது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது உர ஆலை முதலாளியின் குழந்தையன்று. சுத்திகரித்த குடுவைத் தண்ணீர் வாங்க முடியாத விவசாயத் தொழிலாளியின் கைக்குழந்தை. 'மூலதனம்' எழுதிய காலத்தில் மார்க்ஸ் லீபிக்கின் வேளாண் வேதியியலை உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்தார். மண்ணிலிருந்து நகரத்துக்குப் போன சத்து மண்ணுக்குத் திரும்பாமல் போவதை முதலாளித்துவ விவசாயத்தின் பிளவாக அவர் கண்டார். நைட்ரஜன் சுழற்சி என்பது வேதியியல் மாணவனின் பாடம் மட்டுமன்று என்று 1867லேயே தெரிந்திருக்கிறது. விவசாயிகள் சங்கங்களின் தீர்மானங்களில் அது இடம்பெறாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

வெதுருகுப்பம் போன்ற ஒரு மண்டலத்தில் கேட்க வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் மானாவாரி நிலத்துக்குப் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் கையில் உள்ள அட்டை இருபத்தைந்து ஏக்கரின் சராசரி. அவருடைய மேட்டையும் பக்கத்துத் தோட்டக்காரரின் பள்ளத்தையும் அது ஒன்றாகப் படிக்கிறது. ஆந்திர அரசு பெயரை மட்டும் மாற்றிய ரைத்து சேவா கேந்திரங்களில் ஒவ்வொரு சாகுபடியாளரின் நிலத்துக்கும், குத்தகைதாரர் உட்பட, தனி மண் சோதனை நடக்கவேண்டும். இலையின் பச்சையைப் பார்த்து மேலுரத்தை முடிவு செய்ய உதவும் இலை வண்ண அட்டை ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை நெல் விவசாயி ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடுப்பதால் கஜானா காலியாகிவிடாது. திருப்பதியில் மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேப்பெண்ணெய் பூச்சும், புண்ணாக்குக் கலவையும், கந்தகப் பூச்சும் இந்தச் செம்மண்ணில், இந்த வெயிலில், எத்தனை நாள் நிற்கின்றன என்பதை விவசாயிகளின் வயலிலேயே சோதித்து முடிவைத் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிட அதற்கு நிதி தரப்படவேண்டும். உரமிட்ட நாளில் பாய்ச்ச மின்சாரம் வேண்டும். பொட்டாஷுக்கும் மணிச்சத்துக்கும் விலைக் கட்டுப்பாடு திரும்ப வேண்டும். மூட்டையின் மேல் பிரதமரின் திட்டப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும் இடத்தில், உள்ளே எத்தனை கிலோ தழைச்சத்து, கிலோவுக்கு என்ன விலை என்பது பெரிய எழுத்தில் அச்சிடப்படவேண்டும்.